இணை உடம்பு

மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்துகொண்டு, குனிந்து ஷூ நாடாவைக் கட்ட முடியாமல் போனால் அதை எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? ஷெர்லின் ஏறக்குறைய இரண்டு வருடம் மறைத்தாள். நாடா இல்லாத ஷூ வாங்கினாள். விசிலை ஊதிவிட்டு வேப்பமர நிழலில் நின்றுகொண்டாள். செய்துகாட்ட வேண்டிய இடம் வந்தால் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னாள்.

ஒருநாள் ஏதோ ஒரு வீம்பில் தானே குண்டை எடுத்துத் தோளில் அணைத்துச் சுழன்றாள். படிக்கிற காலத்தில் பல்கலைக்கழக அளவில் குண்டு எறிதலில் பதக்கம் வாங்கியவள் அவள். பாதிச் சுழற்சியிலேயே மூச்சு முட்டி வட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் ஓடிவந்து நாலு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள்.

எடை குறைக்கும் ஊசி மருந்துக்கடைகளில் இருமல் மருந்துபோலக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஷெர்லினும் போட்டுப் பார்த்தாள். எடை மளமளவென்று இறங்கியது. ஆனால் இறங்கியது எல்லாம் கொழுப்பு அல்ல. மேல்கைத் தோல் தொங்கியது. தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. குண்டைத் தூக்கினால் மணிக்கட்டு நடுங்கியது. பயந்துபோய் ஊசியை நிறுத்தினாள். போன கொழுப்பு திரும்பி வந்தது, போன தசை வரவில்லை.

நாகர்கோவிலில் புதிதாக வந்திருந்த ஒரு சிகிச்சை மையத்தைப் பற்றிக் கல்லூரியில் யாரோ சொன்னார்கள். அங்கே இருந்த டாக்டர் மிருணாளினி வயதில் ஷெர்லினைவிட இளையவர். அவசரப்படாமல் பேசினார்.

"சாப்பாடு குறைஞ்சா உடம்பு பயந்துடும் மேடம். கொழுப்பை எரிக்கும், கூடவே தசையையும் கரைக்கும். தசையை வச்சுப் பராமரிக்கிறது அதுக்குப் பெரிய செலவு. வேலை செய்யாத தசைன்னா முதல்ல அதுலதான் கைவைக்கும்."

"அப்போ என்ன செய்யிறது?"

"மெதுவாக் குறைக்கலாம். வாரத்துல மூணு நாலு நாள் எடை தூக்கணும், முட்டை, மீன், பயறு நல்லாச் சாப்பிடணும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும்."

"அவ்வளவு நாள் என்னால முடியாது. பிள்ளைங்க முன்னாடி என்னால நிக்கவே முடியல."

டாக்டர் சற்று யோசித்தார். "இன்னொரு வழி இருக்கு. 'இந்தத் தசை உழைச்சிட்டிருக்கு, சாப்பாடும் வந்துட்டிருக்கு'ன்னு உங்க உடம்பை நம்ப வைக்கிறது. அந்தச் செய்தியைப் பொய்யாத் தயாரிக்க எவ்வளவோ பாத்தாங்க, முடியல. நிஜமா உழைச்சு, நிஜமாச் சாப்பிடுற இன்னொரு உடம்புல இருந்துதான் எடுக்க முடியுது. கூடப் பிறந்தவங்க உடம்புன்னா பொருந்தும். ரெண்டு பேருக்கும் மேல்கைத் தோலுக்கு அடியில நெல்லு மாதிரி ஒரு சில்லு வைப்போம். ஒரு உடம்பு பேசும், இன்னொண்ணு கேட்கும். உங்களுக்கு யார் இருக்காங்க?"

"தம்பி. காத்தாலையில வேலை. அவனுக்கு இதுல என்ன குறையும்?"

"எதுவும் குறையாது. அவர் தசை அவர்கிட்டயே இருக்கும். ஆனா ஒண்ணு, இது ஒருவழிப் பாதை இல்லை. உங்க பக்கத்துல இருந்தும் கொஞ்சம் அங்க போகும். கொடுக்கிறவங்கள்ல சிலர் கொஞ்சம் பசிக்குதுன்னு சொல்றாங்க."

கொஞ்சம் என்ற சொல் ஷெர்லினுக்குப் போதுமானதாக இருந்தது. எவ்வளவு கொஞ்சம் என்று அவள் கேட்கவில்லை.

தம்பி சுபின் அவளைவிட ஒன்பது வயது இளையவன். முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைப் பழுது பார்க்கிறவன். லிப்ட் இல்லாத பழைய கோபுரங்களுக்குள் இரும்பு ஏணியில் ஏறி உச்சிக்குப் போய், போல்ட்டுகளை முறுக்கிவிட்டு இறங்குவான். ஆடிக்காற்று வந்துவிட்டால் ஒரே நாளில் மூன்று கோபுரம்கூட ஏறுவான். உடம்பு கயிறு முறுக்கியதுபோல இருக்கும். அம்மா இறந்தபின் அவனுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பியது ஷெர்லின்தான். அதை அவள் சொல்லிக்காட்டியதில்லை. அவனும் மறந்ததில்லை.

விஷயத்தைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பாதியிலேயே கையமர்த்தினான்.

"எக்கா, அழாத. எனக்க தெம்புலருந்து ஒரு செய்திதானே கேக்குது. போய்ட்டுப் போட்டு. எப்பம் வரணும், சொல்லு."

ஜூன் மாதம் இருவருக்கும் சில்லு வைத்தார்கள்.

அதன்பின் நடந்ததை ஷெர்லினாலேயே நம்ப முடியவில்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறு, இரவில் ஒரு பழம். பசிக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை வந்தால்கூட வயிறு சும்மா கிடந்தது. இடுப்பு வற்றியது, தோள் அப்படியே நின்றது. ஆவணி பிறக்குமுன் குண்டை எடுத்து எறிந்து பார்த்தாள். குண்டு போய் விழுந்த இடத்தைப் பார்த்து மாணவிகள் கைதட்டினார்கள். டிசம்பரில் மதுரையில் நடக்கும் மூத்தோர் தடகளப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள் என்று கல்லூரி முதல்வரே சொன்னார். கொடுத்தாள். எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டவர்களிடம், "கட்டுப்பாடுதான், வேறென்ன" என்றாள். சில்லைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த ஆவணியில் மார்த்தாண்டத்தில் மாமா மகளுக்குக் கல்யாணம். ஷெர்லின் பல வருடத்துக்குப் பிறகு பட்டுச்சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். மண்டபத்தில் ஒவ்வொருவராக வந்து அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் காலால் நடக்கவில்லை, மிதந்தாள். அப்போதுதான் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

சுபின் இலையில் உட்கார்ந்திருந்தான். முதல் பந்தியில் உண்டவன் எழாமல் இரண்டாம் பந்திக்கும் அதே இடத்தில் இருந்தான். அவியலும் எரிசேரியும் குவிந்திருந்த இலையில் அவன் நிமிராமல் அள்ளி அள்ளித் தின்றான். தாடையின் கீழ் சதை மடிந்திருந்தது. சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன. பாயசம் ஊற்ற வந்தவர் வாளியையே அவன் முன்னால் வைத்து, "குடிச்சிட்டு வாளியக் குடு மாப்ள" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சுபினும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தின்றான்.

"இது உனக்க தம்பிதானே ஷெர்லின்?" என்றாள் ஒரு அத்தை. "நீ இப்படி மெலிஞ்சு கெடக்க, அவன் எதுக்கு இப்படி ஊதிக் கெடக்கான்?"

ஷெர்லினுக்கு முகம் எரிந்தது. நேராகப் போய் அவன் தோளைத் தட்டிக் கைகழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

"லேய், உனக்கு வெக்கமா இல்லியா? நாலு பேரு பாக்காங்க. வீட்டுல சோறு போடாத மாதிரி இப்படியா வாரித் திங்கிறது?"

"பசிச்சுது எக்கா."

"பசிச்சா? எனக்குந்தான் வயிறு இருக்கு. வாயக் கட்டத் தெரியணும். என்னப் பாத்துப் படி."

அவன் திரும்பிக்கொண்டான். குழாயைத் திறந்து ரொம்ப நேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். வீடு திரும்பும் வழியில் ஷெர்லின், அவனைச் சரியாக வளர்க்கவில்லையோ என்றுகூட நினைத்தாள்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சுபினின் மனைவி அபிஷா தனியாக வந்தாள். அவள் தையல் வேலை செய்கிறவள், அதிகம் பேசாதவள். குடித்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, அவியள இனி மேல ஏத்த மாட்டோம்னு கம்பெனியில சொல்லிட்டாவ. இடுப்புப் பட்டை தாங்குத எடையத் தாண்டிட்டாவளாம். இப்பம் கீழ நின்னு கயிறு பிடிக்காவ. கூட வேலை பாக்கியவனுவ 'டேங்கர்'னு பேரு வச்சிருக்கானுவ."

"நான் அன்னைக்கே கல்யாண வீட்டுல சொன்னேன் பிள்ளே. அவன் கேட்டாத்தானே. வாயக் கட்டணும்."

அபிஷா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது அவியளுக்க பசி இல்ல மைனி. உங்களுக்க பசி."

ஷெர்லின் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"திங்காவ, எழும்புதாவ, கை காயதுக்குள்ள மறுபடியும் வந்து திங்காவ. வயிறு நிறைஞ்சு வலிக்குதுன்னு அழுவாவ, அப்பமும் பசிக்குதும்பாவ. விரதம் கெடந்தவன் மாதிரி கை நடுங்கும். எனக்கு முதல்ல புரியல. அக்டோபர்ல உங்களுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தினாவல்லா? அந்த ரெண்டு நாளும் அவிய ஒரு தட்டுச் சோத்தோட எழும்பினாவ. நீங்க வீட்டுக்கு வந்து மறுபடியும் கொறைச்சுத் திங்கத் தொடங்கினதும் இங்க பழையபடி ஆயிட்டு. கேட்டதுக்கு, ஆமா, ரெண்டாவது வாரமே தெரியும்னு சொன்னாவ. உங்கக்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எனக்க தலையில கைய வச்சு சத்தியம் வாங்கினாவ. அத மீறித்தான் வந்திருக்கேன்."

ஷெர்லினுக்குக் கல்யாண மண்டபம் கண்முன் வந்தது. என்னைப் பார்த்துப் படி என்று தான் சொன்னது, அதே குரலில், காதில் கேட்டது. சேலைத் தலைப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட பேசிடுதேன். நிறுத்திடுவோம்."

"சரி மைனி" என்று அபிஷா எழுந்தாள். நம்பித்தான் போனாள்.

மறுநாள் ஞாயிறு. கோயிலில் ஆராதனை முடியும்வரை ஷெர்லின் தலை நிமிரவில்லை. திங்கட்கிழமை டாக்டரின் எண்ணை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து மைதானத்தில் பிள்ளைகள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அன்று எறிந்த குண்டு அதுவரை எறிந்ததிலேயே தூரமாகப் போய் விழுந்தது. இப்போது நிறுத்தினால் தசை கரைய எத்தனை நாளாகும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இத்தனை மாதம் பொறுத்தவன், இன்னும் மூன்று வாரம். அதற்குப்பிறகு அவனுக்கு நானே எல்லாம் செய்வேன், அவன் எடையைக் குறைக்க நானே பயிற்சி கொடுப்பேன். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு போனை மேசை டிராயருக்குள் போட்டாள்.

புதன்கிழமை டாக்டர் மிருணாளினியே கூப்பிட்டார். திரையில் பெயரைப் பார்த்ததும் ஷெர்லினின் கை போனைக் கவிழ்த்து வைத்தது. அபிஷா சொல்லியிருப்பாள், உடனே நிறுத்தச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். வியாழனும் கூப்பிட்டார். அப்புறம் 'நேரில் வந்து பார்க்கவும்' என்று ஒரு செய்தி. போட்டி முடிந்ததும் வருகிறேன் என்று பதில் அனுப்பினாள்.

அந்த மூன்று வாரமும் அவளுக்குப் பசித்தது. மாதக்கணக்கில் இல்லாத பசி. காலையில் எழும்போதே வயிறு இழுத்தது. மனசு சரியில்லை, அதுதான் இப்படி என்று நினைத்துக்கொண்டாள். முட்டை அவித்துத் தின்றாள், மீன் வாங்கினாள், பயறு முளைகட்டினாள். ஒவ்வொரு வாய் எடுக்கும்போதும் சுபின் இந்நேரம் என்ன தின்றுகொண்டிருப்பான் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பிலிருந்து தப்பிக்க இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தாள். சுபின் இடையில் ஒருமுறை போன் செய்தான். எடுக்கவில்லை.

மதுரையில் அவளுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் போடும்போது யாரோ பெயரைத் தப்பாக வாசித்தார்கள். அவள் திருத்தவில்லை. பஸ்ஸில் ஏறியதும் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

திரும்பி வந்த மறுநாள் காலையே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"இணைப்பை நிறுத்திடுங்க டாக்டர். முன்னாடியே வந்திருக்கணும்."

டாக்டர் அவளைச் சற்றுப் புரியாமல் பார்த்தார். "அதைச் சொல்லத்தானே மேடம் கூப்பிட்டேன். அன்னைக்குப் புதன்கிழமையே நிறுத்திட்டோம்."

"யார் சொல்லி?"

"உங்க தம்பி மனைவி பேசினாங்க. அதுக்குப்பிறகு சில்லு வழியா அவரோட ரத்த அளவுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லை தாண்டியிருந்தது. அப்படித் தாண்டினா நாங்களே இங்கிருந்து நிறுத்தலாம், யார் சம்மதமும் வேண்டாம். நீங்க மெதுவாப் பழகிக்க மருந்து தரணும்னுதான் வரச் சொன்னேன். நீங்க வரலை." அவர் ஷெர்லினுக்குச் சற்றுமுன் எடுத்த பரிசோதனைத் தாளைப் புரட்டினார். "ஆனா மருந்து தேவைப்படலை போல. தசை எதுவும் குறையலையே. பசிச்சிருக்கும், சாப்பிட்டிருப்பீங்க, உழைச்சிருப்பீங்க. உடம்புக்கு அது போதும்."

ஷெர்லின் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அந்த மூன்று வாரம் தம்பியின் வயிற்றிலிருந்து அவளுக்கு எதுவும் வரவில்லை. வருகிறது என்று நம்பிக்கொண்டு, அதை விடாமல் பிடித்து வைத்திருந்தாள். அந்தப் புதனுக்குப் பிறகு யாருக்கும் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. ஆனாலும் அவள் செய்தது செய்ததுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முப்பந்தலுக்கு அருகே சுபின் வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு போனாள். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. சுபின் ஏணி மேல் நின்று வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தான். உடம்பு இன்னும் பெருத்துத்தான் இருந்தது, முகம் மட்டும் தெளிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் இறங்கி வந்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் திரும்பினான்.

"அண்ணே, இதுதான் எனக்க அக்கா. நான் சொன்னேன்லா? எனக்குப் பசிக்குதுன்னு தெரிஞ்ச உடனே, போட்டி இருக்கு, பதக்கம் இருக்கு, ஒண்ணையும் பாக்காம நிறுத்திட்டா."

ஷெர்லின் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"நன்றி சொல்ல போன் போட்டேன் எக்கா, நீ எடுக்கல. பிராக்டீஸ்ல இருப்பியோன்னு விட்டுட்டேன். அத நிறுத்தினபிறகும் ஜெயிச்சிருக்க பாரு, அதான் உனக்க சொந்தத் தெம்பு."

"சுபின், நான் உன்கிட்ட ஒண்ணு..."

"மைனி, கொஞ்சம் அடுக்களைக்கு வாருங்க" என்றாள் வாசலில் வந்து நின்ற அபிஷா.

அடுக்களையில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அபிஷா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"செவ்வாய் வரைக்கும் பாத்தேன் மைனி. ராத்திரி அவிய சோத்துப் பானையக் கட்டிப் பிடிச்சிட்டு இருந்தாவ. புதன் காலைல நானே டாக்டருக்குப் பேசினேன்."

"நான் இப்பமே அவன்கிட்ட சொல்லிடுதேன்."

"என்னத்துக்கு?"

"அவன் என்னப் பத்தி என்னெல்லாமோ நினைச்சிட்டிருக்கான். எனக்குத் தாங்கல."

"நிறுத்தினது நீங்கதான்னு நாந்தான் சொன்னேன்." அபிஷா குரலைத் தாழ்த்தினாள். "அவியள இன்னும் கோபுரத்துல ஏத்தல. எடை இறங்குததுக்கு எத்தன மாசம் ஆகுமோ. டேங்கர்னு கூப்பிடுதது நிக்கல. ஆனாலும் காலைல எழும்பி வேலைக்குப் போறாவ. அக்கா எனக்காவ விட்டுக்குடுத்தான்னு காணுதவங்ககிட்ட எல்லாம் சொல்லுதாவ. அந்த ஒண்ணுதான் அவியளத் தாங்குது. சொன்னா உங்களுக்கு நெஞ்சு லேசாகும். அவியளுக்கு?"

ஷெர்லின் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லக்கூடாது மைனி. எனக்காவ இல்ல."

சாப்பாடு போட்டார்கள். வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்குழம்பும். சுபின் பக்கத்து வீட்டுக்காரரையும் உட்கார வைத்தான். பதக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டு, அதைத் தானே அவள் கழுத்தில் மாட்டி, போனில் ஒரு படம் எடுத்தான். "சிரி எக்கா" என்றான். அவள் சிரித்தாள். அபிஷா குழம்புச் சட்டியோடு நின்று அந்தச் சிரிப்பு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபின் ஒரு தட்டு உண்டுவிட்டுப் போதும் என்று கையை எடுத்தான். எடுத்த கையோடு சட்டியிலிருந்து பெரிய மீனாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தான்.

"நல்லாத் தின்னு. இனி நீ பசியோட இருக்காத."

ஷெர்லின் குனிந்துகொண்டாள். பதக்கம் தட்டின் விளிம்பில் இடித்தது. அதை எடுத்துத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மீனைப் பிட்டாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நல்ல பசி. முழுவதையும் சாப்பிட்டாள்.